கல்லிற் காலம் கண்டவர்

சேலம் நகருக்கு வடக்கே, முகில் தவழ நிமிர்ந்து நிற்பது சேர்வராயன் மலை. அதன் மேல்நிலத்தில், ஏரியும் காடும் சூழ அமைந்தமையால் ஏர்க்காடு எனப் பெயர் பெற்ற ஊர் உள்ளது. அவ்வூரைச் சுற்றிலும் காப்பித் தோட்டங்களும், மிளகுக்கொடி படர்ந்த வெள்ளோக்கு மரங்களும், அவற்றினிடையே மலைவாழ் மக்களின் சிற்றூர்கள் பலவும் காணப்படும். அச்சிற்றூர்களுள் ஒன்று கரடியூர். அதன் மலைவிளிம்பில் நின்று நோக்குவார்க்கு, மடிப்பு மடிப்பாக விரிந்து செல்லும் மலைகளும், அவற்றினிடையே ஆழ்ந்து கிடக்கும் பள்ளத்தாக்குகளும் ஒருங்கே தோன்றும். பொழுது சாய்ந்து இருள் பரவிய பின்னரும் அங்கேயே சிறிது நேரம் நிற்பாராயின், கீழே மலையின் பேரமைதியும் மேலே விண்மீன்களின் பெருங்கூட்டமும் அவர்தம் உள்ளத்தை வேறொரு நிலைக்கு உயர்த்தும். நான் எவ்வளவு பெரியவன் என்ற எண்ணத்தோடு மலையேறியவரும், நான் எவ்வளவு சிறியவன் என்ற எண்ணத்தோடு கீழிறங்குவர்.

இந்த எண்ணத்தை வெறும் வியப்பாக விட்டுவிடாமல், கையிற் சுத்தியலேந்தி, கல்லையும் மண்ணையும் தோண்டி, அளந்து பார்த்து அறிய முயன்ற பெரியார் ஒருவர் இம்மலையில் வாழ்ந்திருந்தார். இராபர்ட் புரூஸ் பூட் என்பது அவர் பெயர். அவர் பிறந்த நாடு இங்கிலாந்து. உழைத்த நாடு நம் நாடு. முதுமையில் இல்லம் அமைத்து வாழ்ந்த இடம் ஏர்க்காடு.

பூட் அவர்கள் 1834ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22ஆம் நாள் செல்ட்டனம் என்னும் நகரிற் பிறந்தார். அவர் வளர்ந்து வந்த காலத்தில், 1851ஆம் ஆண்டில், தாமஸ் ஓல்டுகாம் என்னும் அறிஞரின் தலைமையில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறை தொடங்கப்பெற்றது. நாட்டில் நிலக்கரி எங்குண்டு, இரும்பு எங்குண்டு என்று அறிதலே அத்துறையை நிறுவிய ஆட்சியாளரின் முதல் நோக்கம். பொருள் தேடத் தொடங்கிய அம்முயற்சி, பொருளினும் பெரிதாகிய ஒன்றைக் கண்டெடுக்கும் என்று அவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள். 1858ஆம் ஆண்டில் பூட் அத்துறையிற் சேர்ந்தார். சென்னை மாகாணத்தில் ஆய்வு நிகழ்த்திய குழுவில் அவருக்கு இடங் கிடைத்தது.

இங்கு வந்த சில ஆண்டுகளில் அவர் எலிசபெத் என்னும் நங்கையை மணந்தார். அந்நங்கையின் தந்தையார் பீட்டர் பெர்சிவல் பாதிரியார் ஆவர். தமிழ் கற்பார் இப்பெயரை மறத்தல் தகாது. யாழ்ப்பாணத்திற் கல்விப் பணி புரிந்து, ஆறுமுக நாவலர் பெருமானைத் துணையாகக் கொண்டு விவிலியத்தைத் தமிழிற் பெயர்த்தவர் அவரே. பின்னர்ச் சென்னைக்கு வந்து தினவர்த்தமானி என்னும் இதழை நடத்தினார். தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டினார். மாநிலக் கல்லூரியிற் பேராசிரியராகவும் விளங்கினார். முதுமையில் ஏர்க்காட்டில் தங்கி, 1882ஆம் ஆண்டில் அங்கேயே உயிர் நீத்தார். மாமனார் தமிழ்ச் சொற்களின் பழமையை ஆராய்ந்தார். மருமகனார் தமிழ் மண்ணின் பழமையை ஆராய்ந்தார். ஒரே குடும்பத்தில் இவ்விரு தேடல்களும் அடுத்தடுத்து நிகழ்ந்தமை எண்ணி மகிழ்தற்குரியது.

நிலவியல் அறிஞரின் தொழில் எளியதன்று. மழை ஓய்ந்த பின்னர் முகாமிட்டுப் புறப்பட்டால், கோடை முற்றும் வரையில் கூடாரமே வீடு. குதிரையிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்று, ஓடைக்கரை, கிணற்று வாய், மலைச்சரிவு ஆகிய இடங்களில் வெளிப்பட்டு நிற்கும் பாறைகளை உடைத்துப் பார்த்து, அவற்றின் வகையையும் சாய்வையும் குறித்து, நிலப்படத்தில் வண்ணமிட்டுக் காட்டுதல் வேண்டும். வில்லியம் கிங் என்னும் தோழரோடு பூட் இவ்வாறு சேலம், திருச்சிராப்பள்ளி, தஞ்சை, தென்னார்க்காடு ஆகிய மாவட்டங்களின் பகுதிகளை ஆராய்ந்தார். அவ்விருவரும் எழுதிய அறிக்கை 1864ஆம் ஆண்டில் வெளிவந்தது. கஞ்சமலையின் இரும்புக்கல்லும், சேலத்தை அடுத்த வெண்ணிற மக்னசைட்டுக் குன்றுகளும், சேர்வராயன் மலையின் கருநீலப் பாறைகளும் இவ்வாறு அறிவுலகின் கணக்கில் ஏறின.

அந்நாளில் ஐரோப்பாவிற் பெரியதொரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. வழக்குமன்றத்தில் நடந்ததன்று, அறிஞர் உள்ளங்களில் நடந்தது. உலகம் படைக்கப்பெற்றது ஏறத்தாழ ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே என்று பதினேழாம் நூற்றாண்டில் அயர்லாந்து நாட்டு ஆயர் ஒருவர் கணக்கிட்டுச் சொன்னார். அதனைப் பலரும் நம்பினர். ஆயின், பாறைகளைப் பயின்றவர்க்கு அக்கணக்குப் போதவில்லை. ஆற்றுநீர் கொணர்ந்த மணல் படிந்து, இறுகிக் கல்லாகி, அக்கல் உயர்ந்து மலையாகி, அம்மலை மீண்டும் தேய்ந்து மணலாவதற்கு ஆறாயிரம் ஆண்டுகள் எங்ஙனம் போதும்? எனவே, உலகம் மிகப் பழையது என்பதனை அறிஞர் பலர் ஒருவாறு ஒப்புக்கொண்டனர். ஆனால், மனிதன் பழையவன் என்பதனை ஒப்ப அவர்கட்கு மனம் வரவில்லை. உலகம் பழமையானதாக இருக்கலாம்; மனிதனோ அதன் தலைவனாக நேற்று வந்தவன் என்று கருதினர்.

பிரான்சு நாட்டிற் சோம் என்னும் ஆற்றின் கரையில், அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு, மனிதர் செதுக்கிய கற்கருவிகளும் ஒரே மண்ணடுக்கிற் கிடைத்தன. அவற்றைப் பூசே தெ பெர்த்து என்பவர் பல ஆண்டுகளாக எடுத்துக் காட்டியும் கேட்பாரில்லை. 1859ஆம் ஆண்டில் ஜோசப் பிரெஸ்டுவிச், ஜான் எவான்சு என்னும் ஆங்கில அறிஞர் இருவர் நேரிற் சென்று பார்த்து, அவை மெய்யே என்று அறிவித்தனர். டார்வின் தம் பெருநூலை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். இச்செய்திகளைப் படித்த பூட், தாம் நாள்தோறும் நடக்கும் தென்னாட்டு மண்ணிலும் அத்தகைய கருவிகள் இருத்தல் கூடுமோ என்று எண்ணத் தொடங்கினார். தேடும் கண்ணுக்கே பொருள் தோன்றும். தேடாத கண்ணுக்குக் காலடியில் கிடப்பதும் தோன்றாது.

1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள். பூட் அவர்களுக்கு அப்போது வயது இருபத்தெட்டு. சென்னைக்குத் தெற்கே பல்லாவரத்தில், படைவீரர் அணிவகுக்கும் திடலுக்கு அருகே, சாலைக்கும் கட்டடத்திற்குமாகச் சரளை தோண்டிய பள்ளம் ஒன்று இருந்தது. செம்பாறைச் சரளை நிறைந்த அப்பள்ளத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவரின் கண்ணிற் கல் ஒன்று பட்டது. பல்லாவரத்துக் குன்றுகளின் கல் வேறு, இக்கல் வேறு. இது குவார்ட்சைட்டு என்னும் கடுங்கல். அதன் இருபுறமும் சில்லுச் சில்லாகப் பெயர்க்கப்பெற்று, ஒருமுனை கூர்மையாகவும் விளிம்புகள் வெட்டுவாயாகவும் அமைந்திருந்தன. நீரோட்டத்தில் உருண்ட கல் வழவழப்பாகும். வெயிலில் வெடித்த கல் ஒழுங்கின்றிப் பிளக்கும். இரு பக்கமும் ஒத்து, ஒரு பயன் கருதிச் செதுக்கப்பெற்ற கல்லை நீரும் வெயிலும் ஆக்குதல் இயலாது. அது மனிதன் கை பட்ட கல் என்று பூட் தெளிந்தார். இந்தியாவிற் பழைய கற்காலக் கருவி என்று அறியப்பெற்ற முதற் கல் அதுவே.

எத்தனையோ பேர் அப்பள்ளத்தில் மண்வெட்டியோடு நின்றிருப்பர். எத்தனையோ கைக்கோடரிகள் சரளையோடு சரளையாகச் சாலையில் கொட்டப்பெற்று வண்டிச் சக்கரத்தின் கீழ் நசுங்கியிருத்தலும் கூடும். அறியாமை காரணமாக நாம் அழித்த வரலாறு எவ்வளவு என்பதற்குக் கணக்கில்லை. ஓலைச்சுவடிகளைக் கரையானுக்கும் ஆற்றுப்பெருக்கிற்கும் கொடுத்த நாம், கற்சுவடிகளைச் சாலைக்குக் கொடுத்தோம்.

அவ்வாண்டு செப்டம்பர் மாதம் 28ஆம் நாள், பூட்டும் கிங்கும் சென்னைக்கு வடமேற்கே கொற்றலையாற்றுப் பகுதியிலுள்ள அத்திரம்பாக்கம் என்னும் ஊரை அடைந்தனர். அங்கே ஓடை அரித்த பள்ளங்களில் கற்கருவிகள் ஒன்றல்ல, இரண்டல்ல, மிகப் பலவாகக் கிடைத்தன. சில மேற்பரப்பிற் கிடந்தன. சில மண்ணடுக்கினுள்ளே புதைந்தவாறே வெளிப்பட்டன. புதைந்து கிடந்தவையே அறிஞர்க்குப் பெருஞ்சான்று. மேலே கிடக்கும் கல்லை எவரும் எப்போதும் போட்டிருக்கலாம். அடுக்கினுள்ளே கிடக்கும் கல்லோ அவ்வடுக்குப் படிந்த காலத்திற்குரியது. 1866ஆம் ஆண்டில் சென்னையில் வெளிவந்த இதழொன்றில் பூட் தம் கண்டுபிடிப்பை விரித்தெழுதினார். 1868ஆம் ஆண்டில் இலண்டன் நிலவியற் கழகத்தின் வெளியீட்டிலும் தென்னிந்தியக் கற்கருவிகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை வந்தது. சோம் ஆற்றங்கரை மனிதன் தனியன் அல்லன். கொற்றலையாற்றங்கரையிலும் அவனுக்கு உறவினர் இருந்தனர் என்பது இதனால் விளங்கிற்று.

நம் நாட்டு முன்னோர்க்குப் பெருங்காலம் புதியதன்று. கலியுகம் 4,32,000 ஆண்டுகள்; நான்கு யுகமும் சேர்ந்தால் 43,20,000 ஆண்டுகள்; அவை ஆயிரம் முறை வந்தாற் கற்பம் ஒன்று; அதற்கு ஆண்டுகள் 432 கோடி. பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள் என்று இக்காலத்து அறிவியல் கூறுகின்றது. இவ்விரண்டு எண்களும் அருகருகே இருத்தலைக் கண்டு, நம்மவர் முன்னரே அளந்துவிட்டனர் என்று பெருமை பேசுவாரும் உளர். அது பொருந்தாது. நம் முன்னோர் எண்ணியது எண்ணத்தின் ஆற்றலால். இவர்கள் அளந்தது கல்லின் சான்றால். பெருங்காலத்தை அஞ்சாமல் எண்ணிப் பார்த்த உள்ளம் நம்மிடம் இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். அதுவே போதிய பெருமை.

இனி, அப்பெருங்காலம் எத்துணைப் பெரிது என்பதை ஓர் அளவுகோல் கொண்டு காண்போம். சேர்வராயன் மலையின் பாறை, சார்னக்கைட்டு என்னும் வகையைச் சார்ந்தது. பல்லாவரத்துக் குன்றுகளும் இவ்வகையினவே. கல்கத்தா நகரை நிறுவியவர் எனப்பட்ட ஜாப் சார்னாக்கு என்பவரின் கல்லறைக்கல் இவ்வினத்தது ஆகலின், தாமஸ் ஹாலண்டு என்னும் அறிஞர் 1893ஆம் ஆண்டில் இப்பெயரை இட்டார். நிலத்தின் கீழ் இருபது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், பெருவெப்பத்திலும் பேரழுத்தத்திலும் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் உருப்பெற்ற கல் இது. இன்று அதன்மீது நாம் நடக்கின்றோம் என்றால், மேலே கிடந்த அத்துணைப் பாறையும் தேய்ந்து போயிற்று என்பது பொருள்.

சேலத்திலிருந்து ஏர்க்காட்டிற்கு, இருபது கொண்டையூசி வளைவுகளைக் கொண்ட மலைச்சாலை செல்கின்றது. அச்சாலையில் 25 கிலோமீட்டர் நீளத்தை இப்பாறையின் வயதாகிய 250 கோடி ஆண்டுகட்கு ஈடாகக் கொள்க. அப்படியாயின் ஒரு கிலோமீட்டர் பத்துக் கோடி ஆண்டு. ஒரு மீட்டர் ஓர் இலட்சம் ஆண்டு. கீழிருந்து ஏறத் தொடங்குகின்றோம். வளைவுக்குப் பின் வளைவாக ஏறி, சாலையின் நாலில் மூன்று பங்கு கடந்த பின்னரும், கண்ணாற் காணத்தகும் விலங்கு ஒன்றும் எதிர்ப்படுவதில்லை. சாலை முடிதற்கு ஐந்தாறு கிலோமீட்டர் இருக்கும்போதே அவை பல்கித் தோன்றுகின்றன. அரைக் கிலோமீட்டர் எஞ்சியிருக்கும்போது இமயமலை எழத் தொடங்குகின்றது. அத்திரம்பாக்கத்தில் முதன்முதற் கைக்கோடரி செதுக்கியவர்கள் சாலை முடிவிற்குப் பதினைந்து மீட்டர் இருக்கையிலே தோன்றுகின்றனர். நம்மைப் போன்ற உடலமைப்புடைய மனிதர் தோன்றுவது கடைசி மூன்று மீட்டரில். நாம் பெரும்பழமை என்று போற்றும் சங்ககாலம், சாலையின் முடிவிலிருந்து இரண்டே சென்டிமீட்டர். எழுபத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்த பூட் பெருமகனாரின் வாழ்நாள் முழுதும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு.

தமிழின் தொன்மையை ஐம்பது ஆண்டுகள் வகுப்பறையிற் பேசியவன் யான். இந்த இரண்டு சென்டிமீட்டர்க் கணக்கை முதன்முதற் போட்டுப் பார்த்த அன்று, தாளை மடித்து வைத்துவிட்டு நெடுநேரம் வாளாவிருந்தேன். மறுநாள் வகுப்பிற் புறநானூறு நடத்தும்போது அதன் அருமை குறையவில்லை. முன்னினும் மிகுந்தே தோன்றிற்று.

பூட் தம் பணியை அத்திரம்பாக்கத்தோடு நிறுத்தவில்லை. முப்பத்து மூன்று ஆண்டுகள் அரசுப் பணியிலிருந்து, தென்னாட்டின் பெரும்பகுதியைக் கால்தேய நடந்து ஆராய்ந்தார். திருநெல்வேலிக் கடற்கரையின் செந்நிறத் தேரிமணல், கர்நாடகத்தின் பொன் விளையும் பழம்பாறைகள், பெல்லாரிப் பகுதியின் குன்றுகள் ஆகியவை அவர் எழுத்தில் இடம்பெற்றன. தார்வார்ப் பாறைத்தொகுதி என்று இன்றும் வழங்கும் பெயர் அவர் அமைத்ததே. கர்நூல் மாவட்டத்துப் பில்லசுர்கம் குகைகளில், பழைய விலங்குகளின் எலும்புகளைத் தேடி 1884ஆம் ஆண்டு அகழ்வு தொடங்கிற்று. அதனைத் தொடர்ந்து நடத்தியவர் படைத்துறையில் இருந்த அவருடைய மைந்தர் ஹென்றி. 1891ஆம் ஆண்டில் ஓய்வு பெற்ற பின்னரும், பரோடா அரசிலும் பின்னர் மைசூர் அரசிலும் நிலவியல் அறிஞராகப் பணிபுரிந்தார். சபர்மதி ஆற்றுப் பகுதியிலும் அவர் கண்களுக்குக் கற்கருவிகள் தப்பவில்லை. சென்ற இடமெல்லாம் பாறையைக் குறித்தல் ஊதியத்திற்குரிய தொழில். கற்கருவி, பானையோடு, மணி முதலியவற்றைத் திரட்டுதல் உள்ளத்திற்குரிய தொழில். நானூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் அவர் இவற்றைத் திரட்டினார். ஒவ்வொன்றிற்கும் கிடைத்த இடத்தைக் குறித்து வைத்தார். கிடைத்த இடம் தெரியாத கல், ஊர்பேர் இல்லாத ஏடு போன்றது. அவர் சேர்த்த கற்கள் இன்றும் பயன்படுவதற்கு இக்குறிப்புகளே காரணம்.

அவர் கூறியவை யாவும் நிலைத்துவிடவில்லை. செதுக்கிய கருவிகளைக் கொண்ட பழைய கற்கால மக்களுக்கும், தேய்த்து மெருகிட்ட கருவிகளைக் கொண்ட புதிய கற்கால மக்களுக்கும் இடையே மனிதரற்ற நீண்ட இடைவெளி ஒன்று இருந்ததென அவர் கருதினார். பிற்கால ஆராய்ச்சி அவ்விடைவெளியை மெல்ல மெல்ல நிரப்பிவிட்டது. நுண்கற்கருவிகளைச் செய்த மக்கள் அவ்விருவர்க்கும் இடையே வாழ்ந்தனர் என்பது தெளிவாயிற்று. தாம் கண்ட சான்றுகளைப் பிறர் மீண்டும் சோதித்தறியும்படி பூட் விட்டுச் சென்றமையால், அவருடைய பிழையைத் திருத்துதற்கும் அவர் தொகுப்பே உதவிற்று.

ஏர்க்காட்டில் அவர் வாழ்ந்த இல்லத்திற்கு ஐவி காட்டேஜ் என்பது பெயர். சேர்வராயன் மலையில் மெருகிட்ட கற்கோடரிகள் பல கிடைத்தன. உழும்போதும் தோட்டத்திற்கு மண்ணைத் தோண்டும்போதும் அவை வெளிப்படும். இடம் வலம் ஒத்து, நெய் பூசினாற்போல வழவழவென்று இருக்கும் அக்கல்லைக் கண்ட மலைமக்கள், அது மனிதர் ஆக்கியதென்று கருதாமல், தெய்வத்தன்மை உடையதென்று கொண்டு, தம் சிறு கோயில்களில் வைத்து வழிபட்டனர். வரலாறு கற்றவர் இதனைக் கண்டு நகைத்தல் தகாது. மரத்தை வெட்டிக் காட்டைத் திருத்தி, முதன்முதல் உழவு கண்ட முன்னோரின் கையிலிருந்த கருவி அது. அதனைத் தெரிந்து வணங்கினும் தெரியாது வணங்கினும் வணக்கம் உரியவர்க்கே செல்கின்றது.

நாற்பது ஆண்டுகளாகத் திரட்டிய பொருள்களை என் செய்வது என்ற கேள்வி அவருக்கு எழுந்தது. தாய்நாட்டிற்குக் கொண்டு சென்றிருப்பின் நல்ல விலையும் பெரும்புகழும் கிடைத்திருக்கலாம். அவை இந்நாட்டிலேயே தங்கின. 1904ஆம் ஆண்டில் சென்னை அரசு அருங்காட்சியகம் அத்தொகுப்பை நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிற்று. அதற்கு விளக்கப் பட்டியல் எழுதும் பணியில் பூட் தம் இறுதி ஆண்டுகளைச் செலவிட்டார். அந்நூல் அச்சேறி 1914ஆம் ஆண்டில் வெளிவந்தபோது அதனைக் காண அவர் இல்லை. 1912ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 29ஆம் நாள் கல்கத்தாவில் அவர் மறைந்தார்.

அவர் மறைந்த அவ்வாண்டு குறிப்பிடத்தக்கது. கண்டங்கள் நிலைத்து நிற்பன அல்ல, அவை மெல்ல நகர்கின்றன என்னும் கருத்தை ஆல்பிரட் வேகனர் என்னும் ஜெர்மானியர் வெளியிட்டது 1912இல்தான். தென்னிந்தியாவும், மடகாஸ்கரும், ஆஸ்திரேலியாவும், பனி மூடிய தென்முனைக் கண்டமும் ஒருகாலத்தில் ஒட்டிக் கிடந்தவை என்பது பின்னர் உறுதியாயிற்று. பூட் நடந்து அளந்த நிலமே பல்லாயிரம் கல் தொலைவு நடந்து வந்த நிலம் என்பதை அவர் அறியார். அதே ஆண்டில், ஒளி மிகுந்தும் குறைந்தும் மாறும் ஒருவகை விண்மீன்களில், மாறுதற்கு ஆகும் காலம் நீள நீள மெய்யொளியும் மிகுகின்றது என்பதனை ஹென்ரியட்டா லீவிட் என்னும் அமெரிக்க அம்மையார் வெளியிட்டார். அதனை அளவுகோலாகக் கொண்டே, ஆண்ட்ரோமெடா என்னும் விண்மீன்கூட்டம் நம் பால்வீதிக்கு மிகத் தொலைவில் தனித்து நிற்பதென்று எட்வின் ஹப்பிள் 1920களில் நிறுவினார். அதன் தொலைவு ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டு. பூட் மறைந்த அந்த டிசம்பர்த் திங்களில், நிலவில்லாத இரவில், மலைமேல் நின்று நோக்குவார்க்கு அது மங்கிய புகைத்திட்டுப் போல வெறுங்கண்ணிற்கே தோன்றும். இன்று நம் கண்ணை வந்தடையும் அவ்வொளி புறப்பட்டபோது, அத்திரம்பாக்கத்தில் கல் செதுக்குவார் ஒருவரும் இலர்.

பாறையின் வயதை அளக்கும் வழியும் அவர் வாழ்நாளின் இறுதியிலேதான் பிறந்தது. சில அணுக்கள் காலம் தவறாமற் சிதைந்து வேறு அணுக்களாகின்றன. அச்சிதைவை அளந்தால் வயது தெரியும். ஆர்தர் ஹோம்ஸ் என்னும் இளைஞர் இம்முறையாற் பாறைகளின் வயதைக் கணித்துக் கூறிய ஆண்டு 1911. அதற்கு முன்னர், கெல்வின் போன்ற பேரறிஞரே பூமிக்கு இரண்டு கோடி முதல் நாற்பது கோடி ஆண்டுகள் வரை என்று மதிப்பிட்டிருந்தார். ஆகவே, பூட் தாம் கண்டெடுத்த கல் மிகப் பழையது என்று அறிந்தாரே அன்றி, எத்துணைப் பழையது என்று கூற இயலாமலே இறந்தார்.

அவ்வினாவிற்கு விடை கிடைக்க ஒரு நூற்றாண்டு ஆயிற்று. சாந்தி பப்பு என்னும் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் அத்திரம்பாக்கத்தில் மீண்டும் முறையாக அகழ்ந்து, 2011ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். அங்குள்ள மிகப் பழைய கைக்கோடரிகளின் வயது ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள். இதனை அவர்கள் அறிந்த வழி வியக்கத்தக்கது. தொலைவிலுள்ள பெருவிண்மீன்கள் வெடித்துச் சிதறும் நிகழ்ச்சி முதலியவற்றிற் பிறக்கும் காஸ்மிக் கதிர்கள் ஓயாது பூமியின்மேல் விழுகின்றன. வெளியிற் கிடக்கும் கல்லில் அவை பட்டு, அலுமினியம்-26, பெரிலியம்-10 என்னும் இருவகை அணுக்களைச் சிறிது சிறிதாக உண்டாக்குகின்றன. அக்கல் மண்ணில் ஆழப் புதைந்துவிட்டால் கதிர் படுவது நிற்கின்றது. உண்டான அணுக்கள் சிதையத் தொடங்குகின்றன. முன்னது ஏறத்தாழ ஏழு இலட்சம் ஆண்டுகளிற் பாதியாகும். பின்னது ஏறத்தாழ பதினான்கு இலட்சம் ஆண்டுகளிற் பாதியாகும். எஞ்சிய இரண்டையும் ஒப்பிட்டால் புதைந்த காலம் புலனாகும். மனிதன் கல்லைச் செதுக்கிப் போட்டுவிட்டுப் போய்விட்டான். அவன் போட்ட நாளை விண்மீன்கள் அதன்மேல் குறித்து வைத்தன. 2018ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, அங்கேயே ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்னர்க் கருவி செய்யும் முறை மாறிற்று என்பதனைக் காட்டியது. பெருங்கோடரிகளை விடுத்துச் சிறிய செதில்களைத் திட்டமிட்டுப் பெயர்க்கும் திறன் அப்போது தோன்றியது. ஒரு முறையிலிருந்து மற்றொரு முறைக்கு மாறப் பத்து இலட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பத்து ஆண்டுகளில் தொழில்கள் தலைகீழாக மாறும் நம் காலத்தார், அந்நிதானத்தை எண்ணிப் பார்த்தல் அரிது.

அருங்காட்சியகத்தில் இக்கருவிகளைக் காணச் செல்வோர் முதலிற் சிறிது ஏமாற்றம் அடைவர். சோழர் காலத்துச் செப்புத்திருமேனிகளைக் கண்டு வந்த கண்ணுக்கு, கண்ணாடிப் பெட்டியிற் கிடக்கும் கல் கல்லாகவே தோன்றும். யான் முதன்முறை சென்றபோதும் அவ்வாறே கடந்து போனேன். உடன் வந்திருந்த மாணவன் ஒருவன், தன் உள்ளங்கையைப் பெட்டியின் மேல் விரித்து வைத்து, ஐயா, இது கைக்குச் சரியாக இருக்கும் போலிருக்கிறதே என்றான். திரும்பி வந்து பார்த்தேன். அவன் கூறியது மெய். அடிப்பாகம் உள்ளங்கைக்கும், விளிம்பு விரல்களுக்கும் பொருந்தும்படியே அது செதுக்கப்பெற்றிருந்தது.

ஏர்க்காட்டிலுள்ள தூய திரித்துவ ஆலயத்தில் பூட் பெருமகனாரின் நினைவுச்சின்னம் உள்ளது. அதனைச் சூழ்ந்த மலைமுகடுகளிற் செம்மண்ணும் அலுமினியத் தாதுவும் படிந்து கிடக்கின்றன. அவை, 250 கோடி ஆண்டுப் பாறை மழையிலும் வெயிலிலும் மட்கி ஆனவை. ஒவ்வொரு மழைக்காலத்தும் அச்செம்மண்ணிற் சிறிது ஓடைகளிற் கலங்கிக் கீழிறங்குகின்றது.